ராமானுஜனின் கல்லூரிக்குக் குடும்பத்தோடு

லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கேம்பிரிட்ஜ் வந்துவிடுகிறது. இறங்கியதும் நம்மவர்களின் கண்கள் தேடுவது பல்கலைக்கழகத்தின் பெரிய நுழைவு வளைவையும் அதற்குப் பின்னால் நீளும் சாலையையும். அப்படி ஒரு வாசல் இங்கே கிடையாது. 1209-ல் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகம் ஊருக்குள்ளேயே கலந்து கிடக்கிறது. மொத்தம் 31 கல்லூரிகள். ஒவ்வொன்றுக்கும் தனி மதில், தனி நிர்வாகம், பார்வையாளர்களுக்குத் தனி நேரம், தனிக் கட்டணம். ஏப்ரல் முதல் ஜூன் வரை தேர்வுக் காலம் என்பதால் பல கல்லூரிகள் கதவைச் சாத்திவிடுகின்றன. பள்ளி விடுமுறை என்று மே மாதத்தில் கிளம்பும் நம் குடும்பங்கள் இதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

அரை நாள் சுற்றுலாவில் வருபவர்கள் கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தைப் பார்த்து, கேம் ஆற்றில் படகு ஏறி, படம் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். தேவாலயத்தைக் குறை சொல்ல முடியாது. 1446-ல் அடிக்கல் நாட்டிய கட்டடம். விசிறி விரித்ததுபோன்ற அதன் கல் கூரையை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிப்பதே தெரியாது. ஆனாலும் நேரம் குறைவாக இருந்தால் டிரினிட்டி கல்லூரிக்கு மட்டும் போங்கள் என்றுதான் சொல்வேன்.

டிரினிட்டியின் பெரிய வாசலுக்கு மேலே, 1546-ல் கல்லூரியை நிறுவிய எட்டாம் ஹென்றி மன்னரின் சிலை நிற்கிறது. கையில் செங்கோல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நாற்காலிக் கால்! எந்தக் குறும்புக்கார மாணவரோ மாற்றி வைத்ததாம். பிள்ளைகளிடம் காட்டினால் அன்று முழுக்கச் சிரிப்பார்கள். வாசலுக்குப் பக்கத்துப் புல்தரையில் ஓர் ஆப்பிள் மரம். இங்கே படித்த நியூட்டனின் வீட்டுத் தோட்டத்து மரத்தின் வழிவந்த ஒட்டு மரம் அது.

இந்த மரத்தின் முன்னால் பிள்ளைகளை நிறுத்தி, "நீயும் இங்கேதான் படிக்கணும்" என்று சொல்லும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனத்துப்போகிறது. ஊர் பார்க்க வந்த குழந்தையின் தோளில் அந்த நிமிடமே ஒரு சுமை ஏறிவிடுகிறது. அதற்குப் பதிலாக ராமானுஜனின் கதையைச் சொல்லலாம். கணிதத்தைத் தவிர வேறெதிலும் மனம் ஒட்டாமல் கல்லூரித் தேர்வில் தோற்றவர். சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை பார்த்தபடி 1913-ல் இந்தக் கல்லூரியின் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியவர். மறு வருடம் இங்கே வந்து சேர்ந்தார். சில மாதங்களில் உலகப் போர் மூண்டது. சைவச் சாப்பாட்டுக்குப் பொருள் கிடைப்பதே பாடாக இருந்த காலத்தில், தன் அறையில் தானே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு கணக்குப் போட்டார்.

உள்ளே பெரிய முற்றத்துப் புல்வெளியைப் பார்த்ததும் சிறு பிள்ளைகள் ஓடத்தான் பார்ப்பார்கள்; காவல் பணியாளர் தடுத்துவிடுவார். அதில் கால் வைக்கும் உரிமை ஃபெலோக்கள் எனப்படும் கல்லூரியின் அறிஞர் குழு உறுப்பினர்களுக்கு உரியது. 1918 அக்டோபரில் ராமானுஜன் ஃபெலோ ஆனார். ஆனால் அந்த நாட்களில் அவர் நோயாளியாகச் சிகிச்சையில் இருந்தார். 1919-ல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரலில் 32 வயதில் மறைந்தார். இதைச் சொல்லிவிட்டு அந்தப் புல்வெளி ஓரமாகக் கொஞ்ச நேரம் நடங்கள். பிள்ளைகள் தாமாகவே கேள்வி கேட்பார்கள்.

ஆற்றை ஒட்டி டிரினிட்டியின் ரென் நூலகம். நியூட்டன் எழுதிய 'பிரின்சிபியா' நூலின் அவரிடமே இருந்த பிரதியும், 'வின்னி த பூ' கதையின் கையெழுத்துப் பிரதியும் இந்தச் சேகரிப்பில் உள்ளன. இங்கிருந்த ஒரு பெட்டியில்தான் 1976-ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர், ராமானுஜன் தன் கடைசி வருடத்தில் எழுதிய தாள்களைக் கண்டெடுத்தார். 600-க்கும் மேற்பட்ட சூத்திரங்கள்! படுக்கையில் கிடந்தபடி ஒருவர் எழுதியவற்றை நிறுவிக் காட்ட, கணித அறிஞர்களுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

மகளை அழைத்துப் போகிறவர்கள் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெண்களுக்கான கர்டன் கல்லூரி 1869-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் ஆண்களுக்குச் சமமாகப் பெண்களுக்கும் பட்டம் கொடுக்கப் பல்கலைக்கழகம் 1948 வரை எடுத்துக்கொண்டது. டிரினிட்டி தன் இளநிலை வகுப்புகளில் பெண்களைச் சேர்த்துக்கொள்ள 1978 வரை ஆயிற்று. இவ்வளவு அறிவாளிகள் இருந்த இடத்தில் ஏன் இத்தனை தாமதம் என்று மகள் கேட்டால், பேசியபடியே ஆற்றங்கரை வரை நடக்கலாம்.

ஆற்றின் மேல் குவீன்ஸ் கல்லூரியின் கணிதப் பாலம். நியூட்டன் ஆணியே இல்லாமல் கட்டியது என்று ஒரு கதை உலவுகிறது. பாலம் கட்டியது 1749-ல்; நியூட்டன் இறந்தது 1727-ல். இரண்டு வருடங்களையும் பிள்ளைகளிடம் கொடுத்து, கதை உண்மையா என்று கேளுங்கள். கண்டுபிடித்ததும் அவர்கள் முகத்தைப் பாருங்கள்!

பசிக்கும் நேரத்துக்குக் கட்டுச்சோற்றோடு பார்க்கர்ஸ் பீஸ் மைதானத்துக்குப் போய்விடலாம். ஊர்ப் பொதுவிடம், கட்டணமும் இல்லை, புல்லில் தடையும் இல்லை. ஆளுக்கொரு விதமாக ஆடிய கால்பந்தை ஒழுங்குபடுத்த 1848-ல் இந்தப் பல்கலைக்கழக மாணவர்கள் விதிகள் எழுதினார்கள். அந்த விதிகளின்படி பந்து உருண்ட மைதானம் இது. பையில் ஒரு பந்தையும் எடுத்துப் போங்கள்.