நச்சு மருந்துகளைக் கட்டுவதும் கொண்டு செல்வதும்

பயிர்ப் பூச்சிகளைக் கொல்லும் மருந்துகளிற் பல மனிதரையும் கால்நடைகளையும் கொல்ல வல்லவை. அவற்றைத் தெளிக்கும்போது காட்டும் ஜாக்கிரதையைக் கடையிலிருந்து கொண்டு வரும்போது பலர் காட்டுவதில்லை. சென்னை நகரில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு முதலிய பகுதிகளில் மொட்டை மாடியிலும் கொல்லையிலும் காய்கறியும் பூச்செடியும் வளர்ப்போருக்கு வேண்டிய மருந்து சிறிதளவே. அச்சிறிதளவை அரிசி பருப்புடன் ஒரே பையில் இட்டு வீட்டுக்குக் கொண்டு வருவது பேராபத்தாகும். இதனால் விளையக்கூடிய தீங்கு இன்னதென்பதை நம் நாடு ஒரு முறை கண்டிருக்கிறது.

1958ஆம் ஆண்டின் விபரீதம்

1958ஆம் ஆண்டில் கேரளத்தில் கோதுமை மாவினாற் செய்த பண்டங்களை உண்ட பலர் திடீரென நோயுற்றனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போதைய சென்னை ராஜ்யத்திலும் சிலர் பாதிக்கப்பட்டனர். மாவு கெட்டுப் போனதன்று. பாரத்தியான் என்னும் பூச்சி மருந்தும் உணவுப் பொருளும் கப்பலில் ஒருங்கே ஏற்றி வரப்பட்டன. மருந்து கசிந்து மாவில் ஊறியிருந்தது. இதனை விசாரிக்க நீதிபதி ஜே. சி. ஷா அவர்களைக் கொண்ட கமிஷனை இந்திய அரசாங்கம் நியமித்தது.

பாரத்தியான் போன்ற மருந்துகள் நரம்புகளின் தொழிலைக் கெடுப்பவை. வாய் வழியாக மட்டுமேயன்றித் தோலின் வழியாகவும் உடலிற் புகும். சாக்கும் மாவும் இவற்றை எளிதில் உறிஞ்சிக்கொள்ளும். உலர்ந்த பின் கறை தெரியாமலும் போகலாம். ஆகையால், கண்ணாற் பார்த்து உணவு நல்லதென்று தீர்மானிப்பது பிழை.

சட்டம் கூறுவது

இவ்விபத்தின் படிப்பினையைக் கொண்டு 1968ஆம் ஆண்டில் பூச்சிக்கொல்லிச் சட்டமும், 1971இல் அதன் விதிகளும் ஏற்பட்டன. விதிகளின்படி கட்டப்படாமலும் லேபில் ஒட்டப்படாமலும் உள்ள மருந்தை எவரும் விற்கவோ விற்பனைக்கு வைக்கவோ கூடாது. எனவே பெரிய டின்னைத் திறந்து, சிறு சீசாவில் ஊற்றித் தருவது குற்றமாகும். அவ்வாறு கேட்பதும் தவறு. மருந்து எவ்வகையிலும் உணவையும் தீவனத்தையும் நேரே தொடும்படி கொண்டு செல்லவோ சேமிக்கவோ கூடாது. கட்டு உடைந்து மருந்து கலந்த உணவுப் பொருளை, அதற்கென ஏற்பட்ட அதிகாரிகள் சோதித்த பின்னரே வெளியிட வேண்டும். வழியில் மருந்து கசிந்தால், நஞ்சு பரவாமலும் மண்ணும் நீரும் கெடாமலும் உடனே தடுப்பது கொண்டு செல்வோரின் பொறுப்பு.

லேபிலின் அடையாளங்கள்

ஒவ்வொரு கட்டின் மீதும் சாய்ந்த சதுரம் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். அதன் கீழ்ப்பாதியின் நிறம் நஞ்சின் கடுமையைக் காட்டும். சிவப்பு மிகக் கொடியது; மஞ்சள் அதற்கு அடுத்தது; நீலம் நடுத்தரமானது; பச்சை இவற்றினும் குறைந்தது. சோதனைப் பிராணிகளிற் பாதியைக் கொல்ல, உடல் எடையில் கிலோகிராம் ஒன்றுக்கு 1 முதல் 50 மில்லிகிராம் வரை வாய்வழி போதுமாயின் அது சிவப்பு வகை. சிவப்பு வகையில் மண்டையோட்டுக் குறியும் காணப்படும். பச்சை நிறத்தைக் கண்டு தீங்கற்றதென்று எண்ணலாகாது. குறைந்த நஞ்சு என்பதே பொருள்.

லேபிலும் உள்ளே வைக்கும் துண்டுப் பிரசுரமும் இந்தி, ஆங்கிலத்துடன் அந்தந்தப் பிரதேச மொழியிலும் இருத்தல் வேண்டும். இது வெறும் சம்பிரதாயமன்று. 1971-72இல் ஈராக் தேசத்தில் பாதரச மருந்து பூசிய விதைத் தானியத்தை ரொட்டியாக்கி உண்டு, ஆஸ்பத்திரிகளில் மட்டும் 459 பேர் மாண்டனர். மூட்டைகளின் மேலிருந்த எச்சரிக்கை அந்நாட்டார் அறியாத அந்நிய மொழியில் இருந்தது.

கட்டும் முறை

கலம் மருந்துக்குப் பொருந்தியதாக இருக்க வேண்டும். மயில்துத்தக் கரைசல் இரும்பை அரிக்கும். அதை இரும்பு வாளியில் வைத்தலாகாது. எலி மருந்தாகிய துத்தநாக பாஸ்பைடும், தானியத்துக்கு இடும் அலுமினிய பாஸ்பைடும் ஈரம் பட்டால் கொடிய வாயுவை வெளிவிடும். ஆகையால் இவை காற்றும் ஈரமும் புகாத கலத்திலேயே இருக்க வேண்டும். சலவைத் தூளுடன் அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு எழும். இரண்டையும் ஒரே பெட்டியில் வைப்பது ஆபத்து.

திரவம் வெயிலில் பெருகும். புட்டியைக் கழுத்து வரை நிரப்பினால் மூடி கழன்று கசியும். ஆகவே தயாரிப்போர் மேலே சிறிது இடம் விடுகின்றனர். வெளியூருக்கு அனுப்பும்போது புட்டிகளை நிமிர்த்தி வைத்து, இடையே அதிர்ச்சியைத் தாங்கிக் கசிவை உறிஞ்சும் பொருளை அடைத்து, உறுதியான வெளிப்பெட்டியில் இடுவர். மரத்தூளை எல்லாவற்றிற்கும் பயன்படுத்தலாகாது. சலவைத் தூளும் நைட்ரேட் உப்புக்களும் மரத்தூளுடன் கலந்தால் தீப்பற்றக்கூடும்.

வீட்டுத் தோட்டக்காரர் செய்ய வேண்டியவை:

1. மருந்தைக் கடையில் திறக்காத அசல் கட்டுடனேயே வாங்குக.

2. கட்டைத் தடித்த பிளாஸ்டிக் பையில் இட்டு, மூடியுள்ள வாளியில் நிமிர்த்தி வைத்து, சுற்றிலும் உலர்ந்த மணலை இடுக. உணவு, துணி, குழந்தைகளின் பொருள்கள் எதனுடனும் சேர்க்கற்க.

3. வீட்டிற் பூட்டிய தனி அலமாரியில் வைக்க. குளிர்பான புட்டியில் ஊற்றி வைக்கற்க.

பிரயாண விதிகள்

மாம்பலத்திலோ திருமயிலையிலோ மின்சார ரயிலேறுவோர் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். அபாயகரமான பொருளை எழுத்து மூலம் அறிவிக்காமலும், கட்டின் மேல் தெளிவாகக் குறிக்காமலும் ரயிலில் எடுத்துச் செல்லக் கூடாதென்று 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் கூறுகிறது. மீறினால் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். லாரியில் மொத்தமாக அனுப்புவோர் வண்டியில் அபாயப் பொருளின் வகைக்குரிய குறியையும், அவசரத் தகவல் பலகையையும் வைக்க வேண்டும். ஓட்டுநர் தனிப் பயிற்சி பெற்றவராயிருத்தல் வேண்டும். ஐக்கிய நாடுகள் சபை 1956இல் முதலில் வெளியிட்ட சிபாரிசுகளை அடியொற்றியே இக்குறிகள் உலகெங்கும் வழங்குகின்றன.

காலிக் கலங்கள்

மருந்து தீர்ந்தபின்னும் கலத்தின் அபாயம் தீர்வதில்லை. 2013ஆம் ஆண்டு ஜூலை மாதம் பீகார் மாகாணத்துச் சரண் ஜில்லாவில் பள்ளி மதிய உணவை உண்ட 23 குழந்தைகள் மாண்டனர். சமையல் எண்ணெயில் மானோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சி மருந்து இருந்ததாகத் தடயவியற் சோதனையில் தெரிந்தது. பூச்சி மருந்துக் கலத்தை எத்தனை முறை கழுவினாலும் எண்ணெய்க்கோ தண்ணீருக்கோ பயன்படுத்தலாகாது. மறுபடி பயன்படாதவாறு அதை உடைத்து, வீடுகளுக்கு அப்பாற் புதைக்க வேண்டுமென்பது விதி. புதைக்க இடமில்லாத நகரத்தார், உடைத்துக் கட்டி, வீட்டு அபாயக் கழிவென்று கூறித் துப்புரவுப் பணியாளரிடம் தனியே ஒப்படைத்தல் வேண்டும்.

மருந்து உடலிற் பட்டால், நனைந்த துணியைக் களைந்து, சோப்பிட்டு நிறைய நீரால் கழுவுக. உட்கொண்டவரை 108 வண்டியில் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புக. தாமாக வாந்தியெடுக்கச் செய்யற்க. லேபிலுடன் கூடிய கலத்தையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். எந்த நஞ்சு என்பதை வைத்தியர் அதைக் கொண்டே அறிவார். லேபிலைக் கிழிக்காமல் காப்பாற்றி வைத்தவர் அவ்வேளையில் உயிரையும் காப்பாற்றியவராவர்.