சநட என்றால் 385

ஜவுளிக்கடைத் துணியில் தொங்கும் சீட்டில், விற்பனை விலைக்குக் கீழே பொருள் விளங்காத இரண்டு மூன்று எழுத்துகள் இருப்பதுண்டு. அது கொள்முதல் விலை. பேரத்தில் எதுவரை இறங்கலாம் என்பது விற்பவருக்கு மட்டும் தெரிய வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் கே.ஜி.கண்டிகைப் பக்கத்துக் கடையிலும் இது செல்லும். சிக்கல் இருப்பெடுக்கும்போது வருகிறது: நூற்றுக்கணக்கான சீட்டுகளை மனத்தாலேயே பெயர்த்தால் பிழை நிச்சயம். எக்செலிலோ கூகுள் ஷீட்ஸிலோ சொந்தமாக ஒரு சார்பு எழுதிவிட்டால் அந்த வேலை கணினியுடையது. 'கஙசஞடணதநபம' என்ற பத்தெழுத்து வரிசையில் க 1, ப 9, ம 0. சார்பு ஒவ்வோர் எழுத்தின் எண்ணையும் தேடி, அதுவரை வந்த தொகையைப் பத்தால் பெருக்கி, அந்த எண்ணை அதனுடன் கூட்டும்; 'சநட' என்றால் 3, 38, 385. வரிசையில் இல்லாத எழுத்து வந்தால் பிழை காட்டுவதும் நல்லதே. ஓர் எச்சரிக்கை: 'ரு' கணினிக்கு இரண்டு குறிகள், ஆகவே உயிர்மெய்யில் அகரம் ஏறியவையே பாதுகாப்பு.

பார்கோடு இருக்க இது எதற்கு என்பார்கள். பார்கோடைப் படிக்கக் கருவி வேண்டும். எழுத்தைப் படிக்கக் கண் போதும். கோப்பு கைமாறினால் ரகசியம் போய்விடுமே என்பது வலுவான கேள்விதான். ஆனால் கோப்பு இல்லாமலே, உண்மை விலை தெரிந்த நாலைந்து சீட்டுகள் கிடைத்தாலே எவரும் இதை உடைத்துவிடலாம். வரிசையைக் கலைத்துப் போட்டாலும் அப்படித்தான். பேரம் முடியும்வரை தாங்கினால் கடைக்காரருக்குப் போதும்.