செம்பனைக்கு வரும் கரடி

காப்பார் பக்கத்துத் தோட்டங்களில் குலை வெட்டியவர்களுக்குத் தெரியும்: செம்பனையில் வரத்து கூடும், குறையும், ஆனால் ஆண்டு முழுவதும் பழம் இருக்கும். பழத்தை நம்பி வாழும் விலங்கு ஒன்று இதைவிட வேறென்ன கேட்கப் போகிறது? ஆனாலும் நம் சூரியக் கரடி அங்கே குடியேறுவதில்லை.

உலகின் எட்டுக் கரடி இனங்களில் மிகச் சிறியது இது. நெஞ்சில் பிறை போல மஞ்சள் பட்டை இருக்கும். நாக்கு 20 சென்டிமீட்டருக்கும் மேல் நீளும். பழம், கறையான், கெலுலுட் எனும் கொட்டாத் தேனீயின் தேன், இவையே அதன் முக்கியச் சாப்பாடு.

ஒரு கரடிக்கு எவ்வளவு காடு வேண்டும்? தீனி அருகருகே கிடைத்தால் கொஞ்சம் போதும். இலங்கையின் வஸ்கமுவையில் ஆய்வாளர் ஷியாமளா ரத்னாயக்க குழுவினர் வேறோர் இனக் கரடிகளுக்கு ரேடியோ பட்டை மாட்டிப் பின்தொடர்ந்தார்கள். பெண் கரடிகள் சராசரியாக 2.2 சதுர கிலோமீட்டருக்குள்ளேயே வாழ்ந்தன, ஆண்களின் சராசரியும் 4-ஐத் தாண்டவில்லை. பழமும் கறையானும் அங்கே தாராளம். சபாவின் டானும் பள்ளத்தாக்கை ஒட்டிய காட்டில், ஆய்வாளர் வோங் சியூ தே 1999 முதல் கவனித்த சூரியக் கரடிகளுக்கோ சராசரி ஏறத்தாழ 15 சதுர கிலோமீட்டர். இனம் வேறு, காடும் வேறுதான். ஆனால் போர்னியோக் காட்டில் மரங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே மூச்சில் காய்த்துவிட்டு ஓய்ந்துவிடும் என்பதை மறக்கக்கூடாது. அப்படி ஓய்ந்த 1999-2000 காலத்தில் வோங் பார்த்த கரடிகள் எலும்பும் தோலுமாக இருந்தன. அத்தகைய பஞ்சத்தில் கைகொடுப்பவை, ஒன்று மாற்றி ஒன்று காய்க்கும் காட்டு அத்திகள்தான்.

அப்படிப்பட்ட பசி கரடியைத் தோட்டத்துக்கு இழுக்கலாம். சபாவின் தாபினில் சூரியக் கரடிகள் இரவில் செம்பனைக்குள் நுழைந்து தின்றுவிட்டு, விடிவதற்குள் காட்டுக்குத் திரும்பின. பகலில் படுக்க அங்கே இடமில்லையே! டானும் பக்கத்தில் அவை பெரும்பாலும் உறங்கியது, விழுந்து உள்ளே பொந்தாகிப்போன பெருமரங்களில். ஏறத்தாழ 25 ஆண்டுகளில் வெட்டி மறுநடவு செய்யும் செம்பனையில் அப்படி ஒரு மரம் எங்கே உருவாகும்?

2010-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் தீபகற்ப மலேசியாவில் சூரியக் கரடிக்கு முழுப் பாதுகாப்பு தருகிறது. வேட்டையைத் தடுக்க அது கட்டாயம் வேண்டும். ஆனால் சட்டத்தால் அத்தி காய்க்காது. தோட்டங்களை ஒட்டிய ஆற்றங்கரைக் காட்டை அழிக்காமல், அதிலுள்ள அத்தியை வெட்டாமல், விழுந்த மரத்தை இழுத்துப் போகாமல் விடுவது நம் கையில்தான் இருக்கிறது.