மருத்துவரின் கணினிக்கு நாம் நோன்பு என்பது தெரியுமா?

பள்ளிப்பட்டு மக்கள் பெரிய மருத்துவமனை என்றால் திருத்தணி, சித்தூர், வேலூர், சென்னை என்று ஆளுக்கொரு பக்கம் போகிறோம். பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் இப்போது மருந்துச் சீட்டைக் கையால் எழுதுவதில்லை, கணினியில் பதிகிறார்கள். தவறான மருந்து போகாமல் தடுக்க அதில் ஓர் எச்சரிக்கை வசதியும் இருக்கக்கூடும்.

மருத்துவர் மருந்தின் பெயரைப் பதிந்ததும் நோயாளியின் பழைய பதிவோடு கணினி ஒப்பிட்டுப் பார்க்கும். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு ஆக்மென்டின் எழுதினால் திரையில் எச்சரிக்கை வரும். அதிலுள்ள அமாக்சிசிலின் பென்சிலின் வகைதான். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் எழுதினாலும் வரும். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் இரத்தக்கசிவு ஏற்படலாம்.

ஆனால் இதை நம்பி நாம் சும்மா இருந்துவிட முடியாது. 2006இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, இத்தகைய எச்சரிக்கைகளில் 49 முதல் 96 விழுக்காடு வரை மருத்துவர்களால் ஒதுக்கித் தள்ளப்படுகின்றன. அதை அலட்சியம் என்று மட்டும் சொல்வது நியாயமில்லை. சின்ன விஷயத்துக்கெல்லாம் திரை கத்தினால், முக்கியமானதும் அந்தக் கூட்டத்தில் காணாமல் போகிறது.

இன்னொரு ஓட்டை நம் பக்கத்தில் இருக்கிறது. சித்தூரில் எழுதிய மருந்து வேலூர் கணினிக்குப் பெரும்பாலும் தெரியாது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் மெட்ஃபார்மினையே தனியார் மருத்துவர் வேறு பெயரில் எழுதியிருப்பார்; அத்தாவோ இரண்டையும் விழுங்குவார். கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை எந்தப் பதிவிலும் ஏறாது.

நோன்பும் அப்படித்தான். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு பகலெல்லாம் பட்டினி இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். நாம் சொல்லாவிட்டால் கணினி இதை எச்சரிக்காது. ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே மருத்துவரிடம் கேட்டு அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. மாத்திரையை நாமாகவே ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றிப் போட்டுக்கொள்வது அந்தச் சலுகையில் சேராது.

எந்த மருத்துவமனைக்குப் போனாலும் வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வாமை இருந்தால் கேட்கும்வரை காத்திராமல் முதலிலேயே சொல்லி, பதியச் சொல்லுங்கள். மருந்தால் பக்கவிளைவு ஏற்பட்டால், இந்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பொதுமக்களே தெரிவிக்கலாம்.