கருவுற்ற மகளிருக்கான எச்.ஐ.வி. பரிசோதனை: காலமும் ஒப்புதலும்

ஆய்வுச்சுருக்கம்

கருவுற்ற மகளிருக்குச் செய்யப்படும் எச்.ஐ.வி. பரிசோதனையின் பயன், அது நிகழும் காலத்தையும் பெண்ணின் ஒப்புதலையும் சார்ந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: எச்.ஐ.வி., மகப்பேறு, நம்பிக்கை மையம், கூட்டு மருந்துச் சிகிச்சை, ஒப்புதல்

முன்னுரை

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986ஆம் ஆண்டு சென்னையில் சுனிதி சாலமன், செல்லப்பன் நிர்மலா ஆகியோரின் ஆய்வால் வெளிப்பட்டது. இன்று தமிழக அரசு மருத்துவமனைகளில் இயங்கும் நம்பிக்கை மையங்கள் கருவுற்ற மகளிருக்கு இப்பரிசோதனையைக் கட்டணமின்றிச் செய்கின்றன.

பரிசோதனையும் காலமும்

கருக்காலத்திலும் மகப்பேற்றின்போதும் பாலூட்டும் காலத்திலும் தாயிடமிருந்து சேய்க்குத் தொற்று பரவக்கூடும். மருத்துவத் தலையீடு இல்லாவிடில் இவ்வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு வரை அமையும். உரிய சிகிச்சையால் அது 5 விழுக்காட்டிற்கும் கீழாகக் குறையும். தொற்றுடைய கருவுற்ற மகளிர் அனைவருக்கும் வாழ்நாள் கூட்டு மருந்துச் சிகிச்சை அளிக்கும் முறை இந்தியாவில் 2014 முதல் நடைமுறையில் உள்ளது. மருந்து, குருதியிலுள்ள வைரசின் அளவைப் படிப்படியாகவே குறைக்கும். எனவே, பிரசவ வலியுடன் முதன்முறையாகச் சோதனைக்கு வரும் பெண்ணுக்கு அதன் முழுப்பயன் கிட்டுவதில்லை.

சேய்க்குச் செய்யும் சோதனையும் காலத்தைச் சார்ந்ததே. தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகச் சேயை அடைவதால், 18 மாதம் வரை எதிர்ப்பொருள் சோதனை சேயின் தொற்றை உறுதிசெய்யாது. வைரசின் மரபுப்பொருளைத் தேடும் சோதனையே ஆறாம் வாரம் முதல் பயன்படுகிறது.

ஒப்புதலும் பழியும்

மகப்பேற்றுக் காலச் சோதனையால், குடும்பத்தில் முதலில் தொற்று அறியப்படுபவர் பெரும்பாலும் பெண்ணாகிறார். கணவரிடமிருந்து தொற்றைப் பெற்றவரும் அதனைக் கொண்டுவந்தவராகப் பழிக்கப்படும் நிலை இதனால் எழுகிறது. முதலில் அறியப்படுதல் வேறு. முதலில் தொற்றுதல் வேறு. பரிசோதனை காட்டுவது தொற்றின் இருப்பையே அன்றி, அது வந்த வழியை அன்று.

2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் இதனைக் கருத்திற்கொள்கிறது. விவரமறிந்த ஒப்புதலையும், சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனையையும் அச்சட்டம் கட்டாயமாக்குகிறது. வன்முறைக்கோ கைவிடப்படுதலுக்கோ பெண் உள்ளாகக்கூடும் என அஞ்ச இடமிருப்பின், இணையரிடம் முடிவைத் தெரிவிக்கலாகாது எனவும் விதிக்கிறது. எனினும், வழக்கமான குருதிச் சோதனைகளோடு ஒன்றாக இதுவும் செய்யப்படுமிடத்து ஒப்புதல் வெறும் கையொப்பமாகச் சுருங்கும் இடருண்டு.

முடிவுரை

சேயைக் காக்கும் சோதனை தாயைத் தனிமைப்படுத்துவதாக அமைதல் கூடாது. அச்சமுற்ற பெண் மருந்தை மறைக்கவும் இடைநிறுத்தவும் நேரின், சேயின் பாதுகாப்பும் குலையும். ஆதலின் தொடக்கநிலைச் சோதனை, மெய்யான ஒப்புதல், கணவருக்கும் சோதனை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைதல் இன்றியமையாதது.