ஓடும் காலும் தேறும் மூளையும்



போதைப்பொருளுக்கு அடிமையான ஒருவரைக் கண்டால், "மனவுறுதி இல்லாதவர்" என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். அவர் பெண்ணாகவும் இருந்துவிட்டால் அத்தீர்ப்பு இன்னும் கடுமையாகிறது. உடலியல் கற்பிக்கும் நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஒருநாள் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "மனவுறுதி உடலில் எங்கே இருக்கிறது, ஐயா?" என்று கேட்டாள். அதற்கு விடை தேடப் புகுந்தபோதுதான் என் எண்ணம் மாறிற்று.

1954-ஆம் ஆண்டில் கனடா நாட்டு மக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்னும் இருவர் ஓர் எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பியைப் பொருத்தினர். எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் கம்பி வழியே சிறிதளவு மின்சாரம் பாயும். எலி அதனை ஓயாமல் அழுத்திக்கொண்டே இருந்தது! மூளையிலே மகிழ்வுக்கென்று ஒரு பாதை உண்டு என்பது இவ்வாறு புலனாயிற்று. டோபமின் என்னும் வேதிப்பொருள் அப்பாதையில் தலைமைத் தூதுவன் என்பது பின்னர் தெளிவாயிற்று.

தூதுவன் வந்தால் மட்டும் போதுமா? அவனை வரவேற்க வாயில் வேண்டுமல்லவா? நரம்பணுக்களின் மீதுள்ள அவ்வாயில்களுக்கு ஏற்பிகள் என்று பெயர். பசித்தவனுக்குக் கிடைத்த சோறு, நண்பனின் இன்சொல் ஆகியவற்றால் டோபமின் அளவாகச் சுரக்கிறது. கொக்கேயினும் மெதாம்பிட்டமினும் அதனை வெள்ளமாகப் பெருகச் செய்கின்றன. வெள்ளம் வரும் வீட்டார் கதவடைப்பதுபோல மூளையும் தன் வாயில்களைக் குறைத்துக்கொள்கிறது. பாசிட்ரான் கதிர்ப்படத்தின் துணையால் நோரா வோல்கோவ் என்னும் அம்மையாரும் அவருடன் பணியாற்றியோரும் 1993-இல் இதனைக் கொக்கேயின் பழக்கமுடையோரிடம் எடுத்துக்காட்டினர். 'டி 2' என்னும் ஏற்பிகள் அவர்களிடம் குறைந்திருந்தன. அதனுடன் ஒட்டி, ஆய்ந்து முடிவு செய்ய உதவும் முன்மூளையின் இயக்கமும் தளர்ந்திருந்தது. போதையை விட்டவுடன் சோறும் சொல்லும் சுவைக்காமல் போவதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? மனவுறுதிக்கு வேண்டிய கருவியே அங்கே பழுதுற்றிருக்கிறது.

பெண்களின் நிலை இன்னும் நுட்பமானது. முதற் பழக்கத்திலிருந்து அடிமை நிலைக்குச் செல்லும் காலம் பெண்களுக்குப் பெரும்பாலும் குறுகியதாக இருக்கிறது. சமூகச் சூழலுக்கும் இதில் பங்குண்டு. ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்புநீர் டோபமின் வெளிப்பாட்டை மிகுவிப்பதும் ஒரு காரணம். ஆயினும் இதே ஆராய்ச்சித் துறையில் நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் மேரிலின் கரோல் அம்மையாரின் குழுவினர், கொக்கேயினுக்குப் பழகிய எலிகளுக்கு ஓடுவதற்கொரு சக்கரமும் அளித்தனர். ஓட வாய்ப்புக் கிடைத்ததும் எலிகள் போதையை நாடுவது குறைந்தது. ஆண் எலிகளைவிடப் பெண் எலிகளிடம் அக்குறைவு மிக அதிகம் என்று 2002-இல் அவர்கள் வெளியிட்டனர்.

மனிதரிடம் நிகழ்வது என்ன? லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மெதாம்பிட்டமினை விட்டுச் சிகிச்சை பெற்றுவந்தவர்களுள் ஒரு பிரிவினர் எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் நடையும் ஓட்டமும் தசைப்பயிற்சியும் செய்தனர். மற்றொரு பிரிவினர் உடல்நலப் பாடம் மட்டும் கேட்டனர். பயிற்சி செய்தவர்களுக்கு ஏற்பிகள் பெருகின. பாடம் மட்டும் கேட்டவர்களிடம் அத்தகைய பெருக்கம் காணப்படவில்லை. இவ்வாய்வு 2016-இல் வெளிவந்தது. அடைத்த கதவுகள் மீண்டும் திறக்கக்கூடும் என்பதற்கு இது சான்று. சீன நாட்டில் பெண்களுக்கான மறுவாழ்வு நிலையங்களில் தாய்ச்சி என்னும் மென்பயிற்சியையும் கற்பித்து ஆராய்ந்திருக்கின்றனர்.

உடற்பயிற்சி மூளைக்கு உரமும் இடுகிறது. 1982-இல் கண்டறியப்பட்ட பி.டி.என்.எஃப். என்னும் புரதம் நரம்பணுக்களைக் காத்து வளர்ப்பது. பயிற்சியின்போது அது மிகுகிறது. ஓராண்டு முறையாக நடந்த முதியவர்களின் மூளையில், நினைவுக்குரிய பகுதி சுமார் 2 விழுக்காடு பெருத்தது என்று 2011-இல் வெளிவந்த ஆய்வொன்று கூறுகிறது.

இவற்றைக் கேட்டு, ஓட்டம் ஒன்றே மருந்து என்று எண்ணிவிடாதீர்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் ஆய்வில் பங்கு கொண்டவர்கள் இருபது பேர்கூட இல்லை. எலிக்குப் பொருந்துவதெல்லாம் மனிதருக்குப் பொருந்திவிடாது. மருத்துவரின் துணையும், மன ஆலோசனையும், உற்றாரின் ஆதரவும் இன்றியமையாதவை. பயிற்சி அவற்றுக்குத் தோள்கொடுக்கும் தோழன்.

ஆனால் அத்தோழனைச் சந்திக்க அப்பெண் வீட்டு வாயிலைத் தாண்டி வெளியே வரவேண்டும். ஊராரின் ஏளனப் பார்வைக்கு அஞ்சி அவள் உள்ளேயே ஒடுங்கிவிட்டால், மூளையின் கதவு திறப்பது எங்ஙனம்? அன்று கேள்வி கேட்ட மாணவிக்கு நான் கண்ட விடை இதுவே: மனவுறுதி மூளையில் இருக்கிறது, மூளை உடலில் இருக்கிறது, உடலோ நம்மிடையே, நம் தெருவில் நடமாட வேண்டியிருக்கிறது. காலையில் அத்தகைய ஒருத்தி நடந்து செல்லக் கண்டால் அவளை நாம் இகழாது வழிவிடுவோமாக. அவள் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் மருந்தின் ஒரு வேளை என்று அறிவோமாக.