பெட்ரோல் கலந்த மண்: சோதனையும் சட்டமும்

பெட்ரோலும் டீசலும் மண்ணுக்குள் இறங்குவது பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை. பங்க்கின் நிலத்தடித் தொட்டி துருப்பிடித்து ஓட்டை விழும். தொட்டியிலிருந்து பம்புக்குப் போகும் குழாய் இணைப்பு கசியும். ஜெனரேட்டர் அறையில் ஆண்டுக்கணக்கில் டீசல் சொட்டும். 2013-ல் சென்னை தண்டையார்பேட்டையில் வீடுகளின் நிலத்தடி நீரில் எண்ணெய் வந்தது. பாரத் பெட்ரோலியத்தின் நிலத்தடிக் குழாய்க் கசிவு அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. 2017 ஜூன் இறுதியில் தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாய் கசிந்து கச்சா எண்ணெய் வயலில் பரவியது.

கசிந்த எரிபொருள் மண் துகள்களின் இடுக்குகள் வழியே கீழிறங்கி, நிலத்தடி நீர்மட்டத்தைத் தொட்டதும் அதன்மேல் மிதக்கிறது. நீரோட்டம் போகும் திசையில் அதுவும் நகர்கிறது. மழையில் நீர்மட்டம் ஏறி, கோடையில் இறங்கும்போது இடைப்பட்ட மண் முழுவதிலும் பூசிக்கொள்கிறது. மேல்மண் சுத்தமாக இருக்க, பத்தடிக்குக் கீழே மண் ஊறிக் கிடப்பது இதனால்தான்.

பெட்ரோலில் உள்ள பென்சீன் புற்றுநோயை உண்டாக்குவது என்று உறுதிசெய்யப்பட்ட பொருள். குடிநீரில் அது லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாடை வரும் நீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பது தீர்வல்ல. பென்சீன் ஆவி சமையலறையில் பரவும். ஆவி, தரை விரிசல் வழியே வீட்டுக்குள்ளும் வரும், தண்ணீர்த் தொட்டியில் தேங்கித் தீயும் பிடிக்கும். வாடை அடிக்கும் கிணற்றில் தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது உயிருக்கே உலை.

நீரின்மேல் தெரியும் வானவில் நிறப் படலம் எல்லாம் எண்ணெய் அல்ல. குச்சியால் கலைத்தால் சில்லு சில்லாக உடைந்து அப்படியே நிற்பது பெரும்பாலும் பாக்டீரியா உண்டாக்கிய படலம். உடனே மறுபடி ஒன்றுசேர்வது எண்ணெய். இது முதல் சந்தேகத்துக்குப் போதும், சாட்சியத்துக்குப் போதாது.

மண் பரிசோதனை என்றதும் விவசாயிக்கு நினைவுக்கு வருவது வேளாண்துறை நிலையம். அங்கே பார்ப்பது தழை, மணி, சாம்பல் சத்துகள், கார அமில நிலை ஆகியவற்றைத்தான், எரிபொருளை அல்ல. மாதிரி எடுக்கும் முறையும் இங்கே தலைகீழ். உரப் பரிந்துரைக்கு வயலில் பல இடங்களில் அரையடி ஆழத்தில் மண் எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்துவார்கள். பெட்ரோல் மண்ணை அப்படிச் செய்தால் பென்சீன் காற்றோடு போய்விடும். ஆய்வகம் ‘ஒன்றுமில்லை’ என்றே எழுதும். துளைக்கருவியால் வெவ்வேறு ஆழங்களில் எடுத்த மண்ணைக் கலக்காமல், உடனே கண்ணாடிப் புட்டியில் காற்று இடைவெளி இல்லாமல் அடைத்து, டெஃப்லான் உள்பூச்சு மூடியிட்டு, 4 டிகிரி குளிரில் ஆய்வகம் சேர்க்க வேண்டும். கசிவில்லாத பக்கத்து இடத்திலிருந்தும் ஒரு மாதிரி தேவை. ஒப்பிட அதுதான் ஆதாரம்.

ஆய்வகத்தில் வாயு நிறப்பகுப்பு (கேஸ் குரோமட்டோகிராஃபி) முறையில் மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பனையும், பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் நான்கையும் கேட்க வேண்டும். டீசல் என்றால் நாஃப்தலீன் வகைப் பொருள்களையும், 2000-க்கு முன் இயங்கிய பங்க் இடமென்றால் ஈயத்தையும் சேர்க்கலாம். அறிக்கையில் ‘கண்டறியப்படவில்லை’ என்று மட்டும் இருந்து, எந்த அளவு வரை கண்டறிய முடியும் என்பது இல்லையென்றால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. ஆய்வகங்களின் தரத்தை மதிப்பிடும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் இந்தச் சோதனைக்கே உள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

சொந்தச் செலவில் எடுத்த அறிக்கை புகாருக்கு வலுச்சேர்க்கும். ஆனால் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 1986-இன் 11-ஆம் பிரிவின் கீழ் மண் மாதிரி எடுப்பதற்கு முறை உண்டு: அதிகாரம் பெற்ற அலுவலர் இடத்தின் பொறுப்பாளருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர் முன்னிலையில் எடுத்து, முத்திரையிட்டு, இருவரும் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். எனவே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்கி, அதிகாரபூர்வ மாதிரி எடுக்கக் கோருவதே சரியான முதல் அடி. அந்த முடிவைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறலாம். 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்ட மாசடைந்த இடங்கள் மேலாண்மை விதிகளும் சந்தேக இடங்களை அடையாளம் காணும் பொறுப்பை உள்ளூர், மாவட்ட நிர்வாகத்தின்மேல் வைத்துள்ளன.

இழப்பீட்டுக்கும் நிலத்தைச் சீரமைக்கவும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் உள்ளது. இழப்பீடு, சீரமைப்பு மனுக்களுக்கு 5 ஆண்டு, பிற சுற்றுச்சூழல் தகராறுகளுக்கு 6 மாதம் வரம்பு. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள் கிடைக்கலாம். வாரியம் பதில் சொல்லும் என்று காத்திருந்தே 6 மாதத்தைத் தொலைத்துவிடக்கூடாது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்திலேயே இருக்கிறது. இலங்கையில் சுன்னாகம் அனல்மின் நிலையத்தின் எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2019-ல் நொதர்ன் பவர் நிறுவனத்தை 2 கோடி இலங்கை ரூபாய் கொடுக்கப் பணித்ததும் இதே கொள்கையின் பேரில்தான்.

சீரமைப்பு, கசிவின் வகையைப் பொறுத்தது. பெட்ரோல் என்றால் மண்ணிலிருந்து ஆவியை உறிஞ்சி எடுக்கலாம். டீசலை நுண்ணுயிர்களைக் கொண்டு சிதைக்கலாம், நேரம் பிடிக்கும். ஊறிய மண் குறைவாக இருந்தால் தோண்டி அகற்றுவதே விரைவு. தோண்டிய மண்ணை வேறோர் இடத்தில் கொட்டிவிட்டுப் போவது சீரமைப்பு ஆகாது. குழியை மூடுமுன் அதன் அடியிலும் நான்கு பக்கச் சுவரிலும் மறுபடி மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். அந்த முடிவின் நகல் புகார்தாரருக்குக் கிடைக்க வேண்டும் என்பதைச் சீரமைப்பு ஆணையிலேயே எழுதி வாங்குவது நல்லது.